எஸ்எம்பிஎஸ் மாற்றணுமா? முதலில் கோளாறைப் பாருங்கள்

"எஸ்எம்பிஎஸ் போயிருச்சு, மாத்தணும்." காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் என்ன கோளாறு வந்தாலும் முதலில் வரும் தீர்ப்பு இதுதான். எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய குறைந்த வோல்ட் டிசியாக மாற்றித் தருகிற பவர் சப்ளை டப்பா. மாற்றுகிறார்கள், கொஞ்ச நாள் ஓடுகிறது, அப்புறம் அதே கோளாறு. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, கோளாறு எஸ்எம்பிஎஸ்ஸிலேயே இல்லை, சுவரில் இருக்கிற பிளக் பாயிண்டிலோ மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இன்வெர்ட்டரிலோ இருக்கிறது. இல்லையென்றால், போனது எவ்வளவு மட்டமோ அதே மட்டத்தில் இன்னொன்றை, அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை மட்டும் பார்த்து வாங்கி மாட்டியிருப்பார்கள்.

அதனால் கோளாறு வாரியாகவே எழுதுகிறேன், உங்கள் கம்ப்யூட்டர் என்ன செய்கிறதோ நேராக அந்த இடத்துக்குப் போய்விடுங்கள். ஒரு டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர், ஜெம் கிளிப், சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே போகிற 230 வோல்ட், பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கும், ஏபிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ளதில் 400-ஐ ஒட்டி இருக்கும். ஒயரைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும்.

பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை

முதலில் பிளக் பாயிண்டில் டேபிள் லேம்ப் மாதிரி வேறு எதையாவது மாட்டிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பழைய சுவிட்ச் போர்டில் சாக்கெட் தளர்ந்து பிளக் பிடிக்காமல் நிற்பது சாதாரணம். அடுத்து பவர் கார்டை மாற்றிப் பாருங்கள், மானிட்டருக்குப் போகிற கார்டே பெரும்பாலும் அதே வகைதான். எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கிற சின்ன சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் சரி என்றால் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மதர்போர்டைப் பாருங்கள். நிறைய போர்டுகளில் கரண்ட் வந்தாலே ஒரு சின்ன லைட் எரியும். எஸ்எம்பிஎஸ்ஸின் ஊதா ஒயர் தருகிற 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கரண்ட் அது, கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதும் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த லைட் எரிந்தும் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை என்றால் முன்பக்க பட்டனின் மேல் சந்தேகப்படுங்கள். மதர்போர்டில் பவர் சுவிட்சுக்கு உள்ள இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் ஓடுகிறதா என்று பார்க்கலாம். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டுவதும் இந்த இடத்தில்தான்.

லைட்டே இல்லையென்றால் ஜெம் கிளிப் சோதனை. மெயினை ஆஃப் செய்து, மதர்போர்டுக்கும் மற்றவற்றுக்கும் போகும் ஒயர்களை எல்லாம் கழற்றிவிட்டு, 24 முனை கனெக்டரில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் கிளிப்பால் இணைத்து, அப்புறம் மெயினைப் போடுங்கள். ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் கிளம்புகிறது என்று அர்த்தம். எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கிற மாடல் என்றால் 16-ம் முனைதான் பச்சை, 17-ம் முனை கறுப்பு. முனை எண்ணத் தெரியாவிட்டால் இதைச் செய்யவே வேண்டாம். ஃபேன் சுற்றாவிட்டாலும் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சூடேறும் வரை ஃபேன் நிற்கும்படியே செய்த மாடல்களும் உண்டு. மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே மீட்டர் 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் உயிர் இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனை கிளம்புகிறதா என்று மட்டும்தான் சொல்லும், சுமை ஏறினால் தாங்குமா என்று சொல்லாது. நிறைய பேர் இதைப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று அதையே திரும்ப மாட்டிவிடுகிறார்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுளீர் என்கிறது

இது நம்ம பக்கத்துக்கே உரிய கோளாறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "தம்பி, பெட்டியத் தொட்டா சுளீருங்குது, பேத்தி கிட்டப் போகவே பயப்படுறா" என்று ஆச்சி ஒருவர் சொன்னால், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பயனில்லை. எவ்வளவு விலை உயர்ந்ததை மாட்டினாலும் அதேதான் வரும்.

ஒழுங்கான எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றிலும் உள்ளே வரும் கரண்டின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும், ஒன்று பேஸிலிருந்து தகட்டுக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து தகட்டுக்கு. தகடு எர்த்தோடு சேர்ந்திருந்தால் அந்த மிகச் சிறிய கசிவு எர்த்துக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் தகடு நடுவில் தொங்கும், அதாவது 230-இல் பாதி, 115 வோல்ட்டுக்குப் பக்கம். கசிகிற கரண்ட் மிகவும் குறைவு என்பதால் பொதுவாகச் சுளீரோடு போய்விடும், டெஸ்டர் மங்கலாக எரியும். மிக மலிவான டப்பாக்களில் காசை மிச்சம் பிடிக்க இந்த வடிகட்டியையே போட மாட்டார்கள். அப்படிப்பட்டதை மாட்டினால் ஷாக் நின்றுவிடும், மாற்றியவர் கெட்டிக்காரர் என்று பேரெடுப்பார்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பலவற்றில் ஒயரிங் மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய இரண்டு ஒயர் ஒயரிங். மூன்றாவது ஒயர் இருக்கவே இருக்காது. பிற்பாடு மூன்று ஓட்டை சாக்கெட்டை மாட்டியிருப்பார்கள், மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் ஏறத்தாழ அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட், இப்படி வந்தால் நல்லது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே எண் குறைவாகவோ நிலையில்லாமலோ வந்தால் எர்த் இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது.

சரி, இதற்கு வழி என்ன? சுண்ணாம்புப் பூச்சு போட்ட சுவரை யாரும் வெட்டச் சொல்ல மாட்டார்கள், வெட்டவும் மனசு வராது. வீடு முழுக்க வேண்டாம், கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்கு மட்டும் ஒரு பச்சை ஒயர், 2.5 சதுர மில்லிமீட்டர், எர்த் குழியிலிருந்து பழைய மரச்சட்டத்தை ஒட்டியே இழுத்துவிடலாம். குழியும் சரியாக இருக்க வேண்டும். இங்கே செம்பூரான் கல் தரை, கோடையில் காய்ந்து கிடக்கும், காய்ந்த மண்ணில் எர்த் பிடிக்காது. ஜிஐ பைப்பைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டு, வெயில் காலத்தில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

செய்யவே கூடாத ஒன்று: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவது. மீட்டரில் பார்த்தால் அழகாக 230 காட்டும், ஷாக்கும் நின்றுவிடும். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் விட்டுப்போனால் கேபினெட் தகட்டில் முழு 230 வோல்ட் வந்து நிற்கும், அப்போது அது வெறும் சுளீர் இல்லை. ஒயர்மேன் "இது போதும்ணே" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைப்பதும், இரண்டு பின் கன்வெர்ட்டர் போடுவதும் அதே ரகம்தான்.

கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் எடுக்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது

லைட்டும் ஃபேனும் கண் சிமிட்டிவிட்டுத் தொடர்கின்றன, கம்ப்யூட்டர் மட்டும் விழுகிறது. இது ஒரு போட்டி: கரண்ட் நின்ற பிறகு எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்து எத்தனை மில்லி நொடி தாங்கும், அதற்குள் இன்வெர்ட்டர் மாறிவிடுமா என்பது. டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்களுக்கான பொது விதியான ஏடிஎக்ஸ் தரம் கேட்பது சுமார் 16, 17 மில்லி நொடி. மலிவானவற்றில் கெப்பாசிட்டர் சின்னது, அவ்வளவு தாங்காது. நல்லதாக இருந்தாலும் வருஷக்கணக்கில் வெப்பத்தில் ஓடினால் கெப்பாசிட்டர் காய்ந்து தாங்கும் நேரம் குறையும்.

காசு செலவில்லாமல் முதலில் பார்க்க வேண்டியது இன்வெர்ட்டரின் பின்பக்கத்தை. பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் ஒரு சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் யூபிஎஸ், இன்னொரு பக்கம் நார்மல் அல்லது ஈகோ. நார்மலில் வைத்தால் மாறுவதற்கு 40 மில்லி நொடி வரை கூட ஆகலாம், ஃபேனுக்கு அது தெரியாது. யூபிஎஸ் பக்கம் தள்ளினால் 10 மில்லி நொடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். பாதி வீடுகளில் கோளாறு இதோடு முடிந்துவிடுகிறது. இதற்கு ஒரு விலை உண்டு: யூபிஎஸ் நிலையில் வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கினாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போய்விடும், லோ வோல்டேஜ் ஊர்களில் பேட்டரி அடிக்கடி காலியாகும். அப்படிப்பட்ட ஊர் என்றால் இன்வெர்ட்டரை நார்மலிலேயே விட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ் வைப்பதுதான் நல்லது.

அந்தச் சின்ன யூபிஎஸ் விஷயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 600 விஏ என்று போட்டிருந்தால் வாட்டில் அது பெரும்பாலும் 360 அல்லது அதற்கும் கீழே. கடையில் டேலியில் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டருக்கு அது தாராளம்; பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டு வீடியோ எடிட் செய்கிற ஸ்டுடியோ கம்ப்யூட்டரை அதில் மாட்டினால் கரண்ட் போன நொடியில் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். அப்போதும் பழி எஸ்எம்பிஎஸ் மேல்தான் விழும்.

சைன் வேவ் இல்லாத பழைய சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் ஏபிஎஃப்சி உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் சில சமயம் உறுமும், சில சமயம் அணைந்தே போகும். அங்கே மாற்ற வேண்டியது இன்வெர்ட்டரை.

சாயங்காலம் மட்டும் தொல்லை, அல்லது மோட்டார் போடும்போது

விளக்கு வைக்கிற நேரத்திலோ, பக்கத்து வயலில் த்ரீ பேஸ் வந்து மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும்போதோ மட்டும் கம்ப்யூட்டர் விழுந்தால் அது லோ வோல்டேஜ். அந்த நேரத்தில் சாக்கெட்டில் மீட்டரை வைத்துப் பாருங்கள். வாங்கும்போது ஸ்டிக்கரில் உள்ளே வரும் வோல்டேஜ் 100–240 என்று இருப்பதைத் தேடுங்கள், 170-க்கு இறங்கினாலும் அது கண்டுகொள்ளாது. 200–240 என்றோ 230 என்று மட்டுமோ போட்டதை இந்த மாதிரி இடங்களுக்கு வாங்காதீர்கள். ஸ்டெபிலைசர் வாங்கும் காசில் இதையே வாங்கிவிடலாம்.

பழைய மாடல்களில் பின்னால் 115, 230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். பிள்ளைகள் அதைத் தள்ளி 115-இல் விட்டால், அடுத்த முறை மெயின் போடும்போது டமார்தான்.

கேம் போட்டால், ரெண்டர் போட்டால் பட்டென்று அணைகிறது

சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லை, வேலை ஏறியதும் அணைந்துவிடுகிறது அல்லது தானே ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று ஒன்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ்தான் என்று முடிவுகட்டாதீர்கள், கம்ப்யூட்டர் ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லை. முதலில் சூட்டைப் பாருங்கள். சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டு மாடியறையில், தூசி அடைத்த ஹீட் சிங்கோடு பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டு அணைந்தால் எஸ்எம்பிஎஸ் என்ன செய்யும்? சூடு சரியாக இருந்தும் அணைகிறது, அதுவும் கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது அணைகிறது என்றால் இப்போது எஸ்எம்பிஎஸ்ஸைப் பிடிக்கலாம்.

நாலு முனை பழைய கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே மீட்டரை வைத்து கேமை ஓடவிடுங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே இருக்க வேண்டும், அதாவது ஐந்து சதவீதம் மேலே கீழே. சுமை ஏறும்போது 11.4-க்குக் கீழே வழுக்கினால் கேஸ் முடிந்தது. வழுக்காவிட்டாலும் முழுக்க விடுதலை இல்லை, கிராபிக்ஸ் கார்டு சில மில்லி நொடிக்குத் தன் வழக்கமான அளவைத் தாண்டி இழுக்கும், மீட்டர் அதைக் காட்டாது.

இனி வாங்கும் கணக்கு. கடையில் "அண்ணே, 500 வாட் ஒண்ணு வேணும்" என்று கேட்டால், "இருக்கு தம்பி, எழுநூறுலயும் இருக்கு, நாலாயிரத்துலயும் இருக்கு" என்பார். இரண்டிலும் 500 என்றுதான் போட்டிருக்கும். பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் அந்த வரிசையில்தான் சாப்பிடுகின்றன, 5-உம் 3.3-உம் சில்லறை. பெரிதாக 450 வாட் என்று போட்டுவிட்டு 12 வோல்ட்டுக்கு நேராக 15 ஆம்ப்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள், 180 வாட். மீதியை உங்கள் கம்ப்யூட்டர் கேட்கப்போவதே இல்லாத வரிசைகளில் காட்டிக் கூட்டியிருப்பார்கள். 550 வாட் என்று போட்ட நல்ல ஒன்றில் 45 ஆம்ப்பியர் இருக்கும், அதாவது 540. 12வி1, 12வி2 என்று இரண்டாகப் பிரித்திருந்தால் இரண்டையும் கூட்டாதீர்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரு வாட் எண் தனியாகப் போட்டிருக்கும், அதுதான் கணக்கு.

ஒரு உதாரணம். கோர் ஐ5 12400 முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170. போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் 60 வையுங்கள். மொத்தம் 350-க்குப் பக்கம். என்விடியா அந்தக் கார்டுக்கு 550 வாட் வேண்டும் என்று சொல்வது அந்த மில்லி நொடி இழுப்பையும் சேர்த்துத்தான். நல்ல 550 போதும், ஐந்து வருஷத்தில் கார்டை மாற்றுகிற எண்ணம் இருந்தால் 650. ஆயிரம் வாட் வாங்குவது வெட்டிச் செலவு. கிராபிக்ஸ் கார்டே இல்லாத ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு, உண்மையான 300 வாட் தருகிற ஒன்றே அதிகம்.

கனெக்டரையும் எண்ணுங்கள். மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட், ஆறு முனை ஒயர் 75, எட்டு முனை 150. கார்டு எட்டு முனை கேட்டு எஸ்எம்பிஎஸ்ஸில் அது இல்லையென்றால், "ஒரு கன்வெர்ட்டர் போட்டுக்கலாம்" என்பார்கள். அந்த ஒயரே இல்லாத எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டுக்குச் செய்யப்பட்டது இல்லை. டிஸ்க்குக்குப் போகிற சாட்டா முனையிலிருந்து எடுக்கிற கன்வெர்ட்டர் உருகித் தீப்பிடிப்பதும் உண்டு.

80 பிளஸ் முத்திரை பற்றிக் கேட்பார்கள். அது எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்பதற்கான சான்று மட்டும், தரத்துக்கு இல்லை. ஆனாலும் அதில் பிரான்ஸ் (வெண்கலம்) என்ற படியை வாங்கவே ஓரளவு உருப்படியான வடிவமைப்பு வேண்டும் என்பதால் அதற்குக் கீழே போகாதீர்கள். அதற்கு மேல் படியான கோல்டு வாங்கினால் பில் குறையுமா? பாதிச் சுமையில் பிரான்ஸ் சுமார் 85 சதவீதம், கோல்டு சுமார் 90. கம்ப்யூட்டர் 200 வாட் தின்கிறது, தினம் ஐந்து மணி நேரம் ஓடுகிறது என்றால் வித்தியாசம் வருஷத்துக்கு 24 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் நாலு யூனிட். அதற்காக வாங்க வேண்டாம். சூடு குறையும், வாரண்டி பெரும்பாலும் நீளமாக இருக்கும், அந்தக் காரணங்களுக்காக வாங்கலாம். எத்தனை டிகிரியில் அந்த வாட்டைத் தருகிறது என்று போட்டிருந்தால் பாருங்கள், 50 டிகிரி என்று இருப்பது 40-ஐ விட நமக்கு உகந்தது. அக்னி நட்சத்திரத்தில் கேபினெட்டுக்குள் 40 என்பது சாதாரணம், கெப்பாசிட்டர் பத்து டிகிரி கூடுதலாகச் சுட்டால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது

எங்கோ ஷார்ட். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அது நல்ல குணம். கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க், முன்பக்க யூஎஸ்பி ஒயர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். மதர்போர்டுக்கு அடியில் ஸ்க்ரூ எதுவும் விழுந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் கழற்றி வெறும் ஜெம் கிளிப்பிலும் அப்படியே நின்றால்தான் எஸ்எம்பிஎஸ் குற்றவாளி.

சத்தம், வாடை

கரகர என்றால் ஃபேன் பேரிங். கீச்சென்று மெல்லிய சத்தம், சுமையோடு ஏறி இறங்கினால் அது காயில், காதுக்குத் தொல்லை, மற்றபடி ஆபத்தில்லை. மீன் கருகிய மாதிரி வாடை வந்தால் மெயினை அணையுங்கள், சோதனை எதுவும் வேண்டாம். பல்லி உள்ளே போய்ச் செத்து ஷார்ட் ஆவது இங்கே அடிக்கடி நடக்கும். கேபினெட்டின் பின்னால் திறந்து கிடக்கிற ஸ்லாட் மூடிகளைப் போட்டு வையுங்கள். கேபினெட்டை வளவு (நடுமுற்றம்) ஓரத்தில் வைக்காதீர்கள், மழைச் சாரலும் தூசியும் நேராக உள்ளே போகும்.

மின்கம்பத்தில் நியூட்ரல் அறுந்து வீட்டில் பல்புகள் பளீரென்று எரிந்து, அப்புறம் இது செத்தது என்றால் வோல்டேஜ் 400 வரை ஏறியிருக்கலாம். எஸ்எம்பிஎஸ் போனதோடு நின்றிருந்தால் அதிர்ஷ்டம். புதியது மாட்டுவதற்கு முன் சாக்கெட்டில் 230 நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

தேதி, நேரம் மாறிப்போகிறது

எஸ்எம்பிஎஸ் இல்லை. மதர்போர்டில் இருக்கிற காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி, வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

கல்லூரிப் பிள்ளைகள் நிறைய பேர் வாங்குகிற பழைய ஆபீஸ் பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் கேபினெட்டைத் திறந்து மதர்போர்டைப் பாருங்கள். 24 முனை இல்லாமல் 6, 8, 14 என்று கம்பெனிக்கே உரிய கனெக்டர் இருக்கலாம், அப்படி இருந்தால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அப்படியே சேராது. அளவும் வேறாக இருக்கலாம். சாதாரண ஏடிஎக்ஸ் டப்பா 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம். ஒல்லியான கேபினெட்டில் அது நுழையாது.

ஒயர்களைக் கழற்றி மாட்டுகிற மாடுலர் வகை என்றால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயர்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். டிஸ்க் பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று, எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு அப்படி ஒரு பொது விதி கிடையாது. உருவத்தில் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் மொத்தமும் ஒரே நொடியில் கருகிவிடும். புதியதோடு வந்த ஒயர்களை மட்டும் போடுங்கள், மீதியைப் பழைய டப்பாவோடு சேர்த்துக் கட்டி எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.